ஆளுக்கு இரண்டு மணி: நாட்டுப்புற மெட்டுகள் கைமணிக் குழுவுக்குப் போன கதை

ஒரு பாட்டை நாம் முழுசாகத்தான் பாடுகிறோம். தாலாட்டோ நடவுப் பாட்டோ, ஒருத்தர் வாயில் தொடங்கி அந்த வாயிலேயே முடிகிறது. அதே பாட்டைப் பதினோரு பேர் வரிசையாக நின்றுகொண்டு, ஆளுக்கு இரண்டு சுரம் என்று பங்கு போட்டு வாசித்தால் எப்படி இருக்கும்? ஒருவரிடம் 'ச', 'ரி' மட்டும். பக்கத்தில் நிற்பவரிடம் 'க', 'ம' மட்டும். தன் முறை வரும்போது அடிக்க வேண்டும், நேரம் முடிந்ததும் ஒலியை நிறுத்த வேண்டும். பாட்டு யார் கையிலும் முழுசாக இல்லை. ஆனால் கேட்பவர் காதில் முழுசாக விழுகிறது.

இதுதான் ஹேண்ட்பெல் குழு, அதாவது கைமணிக் குழு. இங்கிலாந்தில் பிறந்து, அமெரிக்க தேவாலயங்களில் பெரிதாக வளர்ந்தது. யூடியூபில் தேடினால் நூற்றுக்கணக்கில் கிடைக்கும்: கையுறை போட்ட மனிதர்கள், நீளமான மேசை, அதன் மேல் மெத்தை, மெத்தை மேல் பளபளக்கும் வெண்கல மணிகள்.

நான் மென்பொருள் ஆள். ஒரு வேலையைப் பல ப்ராசஸர்களுக்கு எப்படிப் பிரித்துக் கொடுப்பது என்று இருபது வருஷமாக மண்டையை உடைத்துக்கொள்பவன். கைமணிக் குழுக்களின் இசைத்தாள் என்னை இழுத்ததற்கு அதுதான் காரணம். உள்ளே போனால் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வந்தது. இவர்கள் வாசிப்பதில் பெரும்பகுதி பழைய நாட்டுப்புற மெட்டுகளும் பாமாலை மெட்டுகளுமாகவே இருக்கிறதே, ஏன்? தனி ஒருவர் மூச்சில் பிறந்த மெட்டை எதற்காகப் பதினோரு பேருக்கு உடைத்துக் கொடுக்கிறார்கள்? அந்தத் தேடலின் குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

மெட்டே வாசிக்காத மணிகள்

கதை கோபுரத்தில் தொடங்குகிறது. இங்கிலாந்தின் தேவாலயக் கோபுர மணிகள் பெரிய சக்கரத்தில் பொருத்தப்பட்டவை. கயிற்றை இழுத்தால் மணி தலைகீழாகப் போய் முழு வட்டம் சுற்றி வரும். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ இரண்டு விநாடி. அவ்வளவு எடையுள்ள உலோகம் சுற்றும்போது கயிறு பிடித்திருப்பவரால் செய்ய முடிவது கொஞ்சம்தான். கொஞ்சம் சீக்கிரம் அடிக்க வைக்கலாம், கொஞ்சம் தாமதிக்கலாம். நினைத்த நொடியில் நினைத்த மணியை அடிப்பது நடக்காது. ஆக, மெட்டு வாசிக்க வழியில்லை.

சரி, என்ன செய்தார்கள்? மெட்டை விட்டுவிட்டு வரிசையைப் பிடித்துக்கொண்டார்கள். ஆறு மணி இருந்தால் 1-2-3-4-5-6 என்று அடிப்பது. அடுத்த சுற்றில் பக்கத்து மணிகள் இடம் மாறி 2-1-4-3-6-5. இப்படியே ஒரு தடவை வந்த வரிசை மறுபடி வராமல் போய்க்கொண்டே இருப்பது. இதற்கு 'சேஞ்ச் ரிங்கிங்' என்று பெயர். 1668-இலேயே 'டின்டினலோஜியா' என்று இதற்கு ஒரு புத்தகம் அச்சாகிவிட்டது. ஏழு மணிக்கு மொத்த வரிசைகள் 5,040. அடித்து முடிக்க மூன்று மணி நேரம் ஆகும். எட்டு மணி என்றால் 40,320. 1963-இல் லஃப்பரோ மணி வார்ப்பாலையில் எட்டுப் பேர் அதை முழுசாக அடித்து முடித்தார்கள். எடுத்துக்கொண்ட நேரம் 17 மணி 58 நிமிடம், ஆள் மாற்றாமல்! நிரல் எழுதுகிறவர்களுக்கு இதைப் படித்தால் உடம்பு சிலிர்க்கும்.

இதையெல்லாம் மனப்பாடம் செய்யப் பயிற்சி வேண்டும். குளிர்காலத்தில் கோபுரம் ஏறி மணிக்கணக்கில் பழக முடியுமா? ஊரே காது பொத்திக்கொள்ளும். அதனால் தோல் கைப்பிடி வைத்த சின்ன மணிகளைக் கையில் எடுத்துக்கொண்டு, வீட்டிலோ மதுக்கடை அடுப்போரத்திலோ உட்கார்ந்து பழகினார்கள். கைமணியின் பிறப்பு இப்படித்தான். அது ஒரு பயிற்சிக் கருவி.

நம் பூஜை அறைக் கைமணியோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். நம்முடையதில் நாக்கு எந்தப் பக்கமும் ஆடும். எப்படி ஆட்டினாலும் கணகணவென்று அடிக்கும். இந்தக் கைமணியில் நாக்கு முன்னும் பின்னும் ஒரே திசையில்தான் போகும். அடித்ததும் மணியின் மேலேயே சாய்ந்து கிடக்காமல் அதை இழுத்துப் பிடிக்க அமைப்பு உண்டு. ஆகவே ஒரு அசைவுக்கு ஒரே அடி. எப்போது வேண்டுமோ அப்போது, எவ்வளவு பலமாக வேண்டுமோ அவ்வளவு.

இதைக் கவனியுங்கள். கோபுரத்தில் மெட்டு வாசிக்க முடியாமல் போனதற்குக் காரணம் எடை. கைமணியில் அந்தத் தடை இல்லை. அடுப்போரத்தில் உட்கார்ந்து வரிசை பழகுகிறவனுக்கு, 'இதிலேயே ஒரு பாட்டை அடித்துப் பார்த்தால் என்ன?' என்று தோன்றாமல் இருக்குமா?

ஆலைத் தொழிலாளிகளும் போலி சுவிஸ்காரர்களும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இது பெரிய கிளையாகப் பிரிந்துவிட்டது. லங்காஷயர், யார்க்‌ஷயர் பக்கத்து ஆலை ஊர்களில் கைமணிக் குழுக்கள் முளைத்தன. மான்செஸ்டரின் பெல் வியூ பூங்காவில் 1855 முதல் போட்டிகள் நடந்தன. பித்தளை வாத்தியக் குழுக்களுக்கும் போட்டி நடந்த அதே இடம். பெரிய குழுக்களிடம் நூற்றுக்கும் மேல் மணிகள் இருந்தன. போட்டி மேடையில் மதிப்பு ஆப்பரா, ஓவர்ச்சர் போன்ற கச்சேரி இசைக்குத்தான். பகலெல்லாம் தறியோடு மல்லுக்கட்டியவர்கள் மாலையில் மேசையைச் சுற்றி நின்று இத்தாலிய ஆப்பராவை மணியில் வாசித்திருக்கிறார்கள்.

அமெரிக்காவுக்கு இது போனதில் ஒரு வேடிக்கை உண்டு. 1840-களில் சர்க்கஸ் புகழ் பி. டி. பார்னம் லங்காஷயர் மணிக்குழு ஒன்றை ஒப்பந்தம் செய்தார். 'லங்காஷயர்' என்றால் டிக்கெட் விற்காது என்று நினைத்திருக்கிறார். மீசை வளர்க்கச் சொல்லி, வினோத உடை போட்டுவிட்டு 'சுவிஸ் மணிக்காரர்கள்' என்று விளம்பரம் செய்துவிட்டார். எங்களுக்கு ஆங்கிலம் தவிர வேறு எதுவும் தெரியாதே என்று அவர்கள் தயங்கினார்களாம். நீங்கள் பேசுகிற மாதிரியே பேசுங்கள், அது ஆங்கிலம் என்று யாருக்கும் தெரியப்போவதில்லை என்றாராம் பார்னம். தன் சுயசரிதையில் அவரே எழுதிவைத்த கதை, அவர் பாணிக்கு ஏற்பக் கொஞ்சம் உப்பும் காரமும் சேர்ந்திருக்கலாம்.

ஆக, கைமணி அங்கே முதலில் நுழைந்தது வேடிக்கைக் காட்சியாக. நிலைத்தது வேறு வழியில்.

பாஸ்டனில் ஒரு கிறிஸ்துமஸ்

மார்கரெட் ஷர்க்ளிஃப் என்ற பாஸ்டன்காரர் 1902-இல் தன் அப்பாவோடு இங்கிலாந்து போனார். அப்பா ஆர்தர் நிக்கல்ஸுக்கும் மணிப் பைத்தியம் உண்டு. அந்தப் பயணத்தில் கோபுர மணியில் முழு 'பீல்' அடித்து, அதைச் செய்த முதல் அமெரிக்கப் பெண் ஆனார். ஊர் திரும்பும்போது ஒரு தொகுதி கைமணிகள் பரிசாகக் கூடவே வந்தன. 1923-இல் பீக்கன் ஹில் பகுதியில் ஒரு குழு ஆரம்பித்தார். கிறிஸ்துமஸ் முந்தைய இரவில் தெருத்தெருவாகப் பாடிக்கொண்டு போகும் வழக்கம் அந்தப் பகுதியில் உண்டு; அதோடு மணியும் சேர்ந்துகொண்டது. 1937-இல் நியூ இங்கிலாந்து வட்டாரச் சங்கம், 1954-இல் அமெரிக்கா முழுமைக்குமான சங்கம். அதற்குப் பிறகு தேவாலயங்கள் கைமணியைத் தத்து எடுத்துக்கொண்டன. மணி வார்க்கும் அமெரிக்க நிறுவனங்களும் வந்துவிட்டன.

ஆலைத் தொழிலாளிகளின் போட்டி மேடையில் ஆப்பரா. தேவாலயத்தில்? சபை ஏற்கெனவே அறிந்த பாட்டு. மணி எங்கே போனதோ, அங்கே இருந்த மெட்டுகள் அதில் ஏறிக்கொண்டன. சரித்திரத்தில் இது புதிதல்ல. நாதஸ்வரத்தில் கோயில் வீதியில் ஒலிப்பது ஒன்று, கல்யாண வீட்டில் ஒலிப்பது வேறு.

இதில் பணக் கணக்கும் இருக்கிறது. பழைய மெட்டுக்குக் காப்புரிமை கிடையாது. ஆனால் அந்த மெட்டை மணிகளுக்கு ஏற்றபடி அமைத்துக் கொடுக்கும் அரேஞ்ச்மென்டுக்குக் காப்புரிமை உண்டு. மெட்டு இலவசம், அமைப்பு விற்பனைக்கு. பதிப்பகத்துக்கும் லாபம், அரேஞ்சருக்கும் யாரிடமும் அனுமதி கேட்டு அலைய வேண்டியதில்லை. கைமணி இசைப் பட்டியல்களில் நாட்டுப்புற மெட்டு குவிந்து கிடப்பதற்கு பக்தி எவ்வளவு காரணமோ, இதுவும் அவ்வளவு காரணம் என்பது என் கணிப்பு.

வயலிலிருந்து பாமாலைக்கு

'நாட்டுப்புற மெட்டு', 'பாமாலை மெட்டு' என்று இரண்டாகச் சொல்கிறோம். பல நேரம் இரண்டும் ஒன்றே.

இசையமைப்பாளர் ரால்ஃப் வான் வில்லியம்ஸ் 1903 முதல் இங்கிலாந்தின் கிராமங்களில் சுற்றிப் பாட்டுச் சேகரித்தவர். சர்ரே மாவட்டத்தில் ஃபாரஸ்ட் கிரீன் என்ற ஊரில் கார்மன் என்பவர் ஒரு பாட்டுப் பாடினார். உழவுக்காரப் பையன் ஒருவன் கண்ட கனவைச் சொல்லும் பாட்டு. 1904-இல் சசெக்ஸில் மங்ஸ் கேட் என்ற இடத்தில் ஹாரியட் வெரல் என்ற பெண்மணி இன்னொன்று பாடினார். 1906-இல் 'இங்கிலிஷ் ஹிம்னல்' என்ற பாமாலைத் தொகுப்புக்கு இசைப் பதிப்பாசிரியராக இருந்த வான் வில்லியம்ஸ், இவற்றை அதில் சேர்த்துவிட்டார். கனவுப் பாட்டின் மெட்டில் இப்போது பெத்லஹேம் பற்றிய கிறிஸ்துமஸ் பாட்டைப் பாடுகிறார்கள்.

பாமாலை மெட்டுகளுக்குத் தனிப் பெயர் வைப்பது அவர்கள் வழக்கம். இந்த மெட்டுகளுக்கு ஊர்ப் பெயரே மெட்டின் பெயர்: ஃபாரஸ்ட் கிரீன், மங்ஸ் கேட், கிங்ஸ்ஃபோல்ட். ஊர் நிலைத்தது, பாடியவர் பெயர் அடிக்குறிப்புக்குப் போனது.

அமெரிக்காவில் கதை இன்னும் பழையது. தென் மாநிலங்களில் சுரங்களை முக்கோணம், வட்டம், சதுரம், வைரம் என்று வடிவத்தால் காட்டும் பாட்டுப் புத்தகங்கள் புழங்கின. இசை படிக்கத் தெரியாதவர்களுக்காக வந்த ஏற்பாடு. 1835-இல் வில்லியம் வாக்கர் வெளியிட்ட 'சதர்ன் ஹார்மனி' அவற்றில் முக்கியமானது. 'நியூ பிரிட்டன்' என்ற மெட்டை ஜான் நியூட்டன் எழுதிய 'அமேசிங் கிரேஸ்' வரிகளோடு சேர்த்து அச்சிட்டது அந்தப் புத்தகம்தான். நியூட்டன் இங்கிலாந்தில் அதை எழுதியது 1772 வாக்கில். அவர் இந்த மெட்டைக் கேட்டதே இல்லை. மெட்டை உருவாக்கியவர் யாரென்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

நாலு கட்டையா, ஐந்து கட்டையா?

இனி எனக்குப் பிடித்த பகுதி. அரேஞ்சர் உண்மையில் என்ன செய்கிறார் என்பதை இந்த 'நியூ பிரிட்டன்' மெட்டை வைத்தே பார்ப்போம்.

மூன்று ஸ்தாயி மணித் தொகுதியில், கருப்புக் கட்டை சுரங்களும் சேர்த்து 37 மணிகள். அதில் வெள்ளைக் கட்டை சுரங்கள் 22. ஆளுக்கு இரண்டு என்றால் பதினோரு பேர். கீழிருந்து சி–டி ஒருவர், இ–எஃப் ஒருவர், ஜி–ஏ ஒருவர், பி–சி ஒருவர் என்று வழக்கமான பங்கீடு போகும். அதற்கு மேல் டி–இ, எஃப்–ஜி, ஏ–பி, சி–டி. கருப்புக் கட்டை மணிகளை அந்தந்த அண்டை மணிக்காரரே பார்த்துக்கொள்வார்.

நியூ பிரிட்டன் ஐந்து சுரம் மட்டும் கொண்ட மெட்டு. ச ரி க ப த. ஆமாம், நம் மோகனத்தின் சுரங்களேதான். முதல் அடியில், எளிய வடிவத்தில், ஒன்பது ஒலிப்புகள். ச மூன்று தடவை, க இரண்டு, ரி ஒன்று, கீழ் த ஒன்று, கீழ் ப இரண்டு.

பாடகருக்கு நாலு கட்டையில் பாடுவதும் ஐந்து கட்டையில் பாடுவதும் தொண்டை வசதியைப் பொறுத்தது. மெட்டு மாறாது. மணிக்காரர்களுக்கு?

நாலு கட்டையில், அதாவது எஃப்-ஐ ஷட்ஜமாக வைத்தால், ச–வும் ரி–யும் எஃப்–ஜி மணிக்காரரிடம். க, ஏ–பி மணிக்காரரிடம். கீழ் த, டி–இ காரரிடம். கீழ் ப, பி–சி காரரிடம். கணக்குப் போடுங்கள்: எஃப்–ஜி ஆளுக்கு 4 அடி, ஏ–பி ஆளுக்கு 2, பி–சி ஆளுக்கு 2, டி–இ ஆளுக்கு 1. ஒருவர் மூச்சு வாங்குகிறார், இன்னொருவர் வேடிக்கை பார்க்கிறார்.

ஐந்து கட்டைக்கு, அதாவது ஜி-க்கு, ஏற்றுங்கள். ச இப்போது எஃப்–ஜி ஆளிடம். ரி–யும் க–வும் ஏ–பி ஆளிடம். கீழ் ப–வும் கீழ் த–வும் டி–இ ஆளிடம். கணக்கு: 3, 3, 3!

ஒரே மெட்டு, ஒரே மணிகள், ஒரே ஆட்கள். சுருதியை ஒரு படி ஏற்றியதும் வேலை சமமாகப் பிரிந்துவிட்டது. எங்கள் தொழிலில் இதற்கு 'லோட் பேலன்சிங்' என்று பெயர் வைத்துக் கூட்டம் கூட்டமாகக் கருத்தரங்கு நடத்துவோம்.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. க–விலிருந்து ரி–க்கும், கீழ் த–விலிருந்து கீழ் ப–வுக்கும் போகிற படிகள் இப்போது ஒரே ஆளின் இரண்டு கைகளுக்குள். ஒரு கை மணியைத் தோளில் அமுக்கி நிறுத்தும் அதே நொடியில் மற்றக் கை அடுத்ததை அடிக்கலாம். இரண்டு சுரமும் ஒட்டிக்கொண்டு வரும். ஆள் மாறுகிற இடத்தில்தான் மெட்டு 'தையல்' தெரிய வாய்ப்பு. நல்ல அரேஞ்சர் அந்தத் தையல் எங்கே விழ வேண்டும் என்று யோசித்துச் சுருதி தேர்ந்தெடுக்கிறார். மெட்டின் உச்சி, மேல் ப, இரண்டாம் அடியின் கடைசியில்தான் வருகிறது. அது சி–டி காரரிடம். அதுவரை காத்திருந்துவிட்டுப் பாட்டின் சிகரத்தை அடிப்பவர் அவர்தான்.

இது ஒரே வரி மெட்டுக்கு. இதோடு இசைவுச் சுரங்களும் துணைக் குரல்களும் சேரும்போது, ஒரே ஆளிடம் ஒரே நொடியில் மூன்று மணி கேட்டுவிடக் கூடாது. எஃப்-ஐக் கீழே வைத்து எஃப் ஷார்ப்பை எடுக்க நேரம் விட வேண்டும். பியானோவுக்கு எழுதியதை அப்படியே தூக்கி மணிக்குக் கொடுத்தால் மூன்றாவது வரியிலேயே யாராவது ஒருவருக்குக் கை போதாது.

மணியின் சுபாவம்

கை எண்ணிக்கை ஒரு தடை என்றால், மணியின் ஒலி இன்னொரு தடை. மணி அடித்தவுடன் உச்சத்தில் இருக்கும், பிறகு தேய்ந்துகொண்டே போகும். பாடகர் அடியின் கடைசிச் சுரத்தை நீட்டிப் பெருக்கலாம். மணியால் முடியாது. அதனால் நீண்ட சுரம் வரும் இடங்களில் அரேஞ்சர் பக்கத்துக் குரல்களில் சின்ன அசைவுகள் வைத்து இடத்தை நிரப்புகிறார். அல்லது மணியை விடாமல் குலுக்கச் சொல்கிறார். மெத்தையில் வைத்து அழுத்தி அடிப்பது, கட்டை விரலால் தொட்டுக்கொண்டு அடிப்பது, நாக்கை விரலால் சுண்டுவது, குச்சியால் தட்டுவது, அடித்தபின் கையைக் கீழே வீசி மேலே கொண்டுவருவது என்று ஒவ்வொன்றுக்கும் இசைத்தாளில் தனிக் குறி உண்டு.

அடுத்தது, அமுக்காவிட்டால் ஒலி நிற்காது. 'லெட் வைப்ரேட்' என்று ஒரு குறி போட்டால் யாரும் மணியை நிறுத்தக் கூடாது, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கலந்து ஒலிக்கட்டும் என்று பொருள். இங்கேதான் ஐந்து சுர மெட்டுக்கு அதிர்ஷ்டம். மோகனத்தில் அரைச்சுர இடைவெளி எங்கேயும் கிடையாது. ஐந்து சுரமும் ஒரே நேரத்தில் ஒலித்தாலும் உரசல் தெரியாது. பழைய மெட்டுகளில் ஐந்து சுர மெட்டுகள் நிறைய. அவை மணிக்குக் கிடைத்த வரம். அதே சதர்ன் ஹார்மனியின் 1840 பதிப்பில் உள்ள 'வாண்ட்ரஸ் லவ்' என்ற மெட்டுக்கு வாருங்கள். நம் கரகரப்ரியாவுக்குப் பக்கத்தில் நிற்கிற சாயல். அரைச்சுரம் உள்ளே வந்துவிட்டதால் எல்லாவற்றையும் மிதக்க விட முடியாது, யார் எப்போது அமுக்க வேண்டும் என்று கவனமாகச் சொல்லியாக வேண்டும்.

மூன்றாவது, மணிக்குள் ஒளிந்திருக்கும் சுரம். கோபுர மணியை அடித்தால் கூடவே ஒரு சாதாரண காந்தாரமும் கேட்கும். அந்தச் சோகச் சாயல் அதனால்தான். ஆங்கில மரபுக் கைமணியை வேறு மாதிரி சுருதி சேர்க்கிறார்கள். அதில் ஷட்ஜத்தோடு தூக்கலாகக் கேட்பது மேல் ஸ்தாயிப் பஞ்சமம். தென் மாநில வடிவச்சுரப் புத்தகங்களின் இசைவும் காந்தாரத்தை அடிக்கடி விட்டுவிட்டு ச–ப என்று வெறுமையாக நிற்பதுதான். இரண்டும் யாரும் திட்டமிடாமல் பொருந்திப் போகின்றன. கீழ் ஸ்தாயி மணிகளில் சுரங்களை நெருக்கி அடுக்கினால் சேறு மாதிரி குழம்பும். விரித்து வைத்தால் தெளிவு. அந்தப் பழைய வெற்று இசைவு மணியில் வரும்போது எனக்கு அரேஞ்ச்மென்ட் மாதிரியே தோன்றுவதில்லை.

போவது என்ன?

நம் காது உடனே கேட்கும் கேள்வி: கமகம்? கிடையாது. மணிக்கு வழுக்கத் தெரியாது. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகிற பாதை அதில் இல்லை, இரண்டு நிறுத்தங்கள் மட்டும்தான் உண்டு.

இங்கிலாந்தின் கிராமத்துப் பாடகர்களும் பாதையில் வாழ்ந்தவர்கள்தான். பெர்சி கிரெய்ஞ்சர் 1906 முதல் லிங்கன்ஷயரில் ஃபோனோகிராஃப் கருவியோடு போய்ப் பாடகர்களைப் பதிவு செய்தார். மெழுகு உருளையில் கேட்டபோதுதான் தெரிந்தது, பாடகர்கள் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் தாளத்தை மாற்றுகிறார்கள், சுரத்தைக் கொஞ்சம் ஏற்றி இறக்குகிறார்கள், ஒவ்வொரு சரணத்தையும் வேறு மாதிரி பாடுகிறார்கள். அச்சடித்த சுரத்தாளில் அதெல்லாம் நேராக்கப்பட்டுவிடுகிறது. பாமாலையில் சபை முழுக்கச் சேர்ந்து பாட வேண்டும் என்பதால் இன்னும் நேராகிறது. மணிக்கு வரும்போது மூன்றாவது முறை.

அதாவது, பதினோரு பேர் வாசிக்கும் 'ஃபாரஸ்ட் கிரீன்' கார்மன் பாடியது அல்ல. அதன் எலும்புக்கூடு. இதை நஷ்டமில்லை என்று மழுப்ப மாட்டேன். நஷ்டம்தான். ஆனால் எலும்பு தாங்காத மெட்டு மூன்று தடவை உரித்தபின் பாட்டாகவே இருக்காது. இவை இருக்கின்றன.

ஒருவர் வராவிட்டால்

ஆர்கெஸ்ட்ராவில் பத்து வயலின்காரர்களில் ஒருவர் வரவில்லை என்றால் கேட்பவருக்குத் தெரியாது. பாடகர் குழுவிலும் அப்படித்தான். கைமணியில் ஏ–பி ஆள் அன்றைக்குக் காய்ச்சலில் படுத்துவிட்டால் மெட்டில் ரி–யும் க–வும் இல்லை. பல் விழுந்த சிரிப்பு மாதிரி ஆகிவிடும். யாரையும் 'கூட்டத்தில் ஒருவர்' என்று சொல்ல முடியாத கூட்டம் இது. இந்தோனேசியாவின் மூங்கில் வாத்தியம் ஆங்க்லுங் இதே யோசனைதான், ஆளுக்கு ஒரு சுரம். 1938-இல் டாயெங் சூதிக்னா அதை மேற்கத்திய சுரவரிசைக்கு மாற்றியபின் பள்ளிக்கூடங்களில் பரவியதற்கும், எல்லாரும் தேவைப்படுகிறார்கள் என்ற இந்தக் குணம் ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

எனவே அரேஞ்சரின் முடிவுகளுக்கு இசைக்கு வெளியேயும் விளைவு உண்டு. உள்ளூர்த் தேவாலயத்துக் குழுவில் பள்ளிப் பிள்ளையும் இருப்பார், ஓய்வு பெற்ற தாத்தாவும் இருப்பார். சுருதி தேர்வு, யாருக்கு எத்தனை அடி, யார் நான்கு வரி சும்மா நிற்க வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குச் சொல்லப்படும் செய்தி. பெரிய கீழ் ஸ்தாயி மணிகள் பல கிலோ எடை. அவற்றைத் தூக்குபவருக்குப் பாட்டு முழுவதிலும் சில அடிகள்தான் இருக்கும். நல்ல அரேஞ்சர்கள் ஒரு சரணத்திலாவது மெட்டைக் கீழே இறக்கி, அந்த ஆளிடம் கொடுக்கிறார்கள். ஆள் பற்றாக்குறை உள்ள குழுக்களுக்காகக் கூடுதல் மணிகளின் சுரங்களை அடைப்புக்குறிக்குள் அச்சிடுவதும் வழக்கம்: இருந்தால் அடியுங்கள், இல்லாவிட்டாலும் பாட்டு நிற்கும்.

என்னை மிகவும் யோசிக்க வைத்த விஷயம் ஒன்று. ஆர்கெஸ்ட்ராவில் ஒவ்வொருவருக்கும் தன் வாத்தியத்தின் தாள் மட்டும் கிடைக்கும். கைமணிக் குழுவில் எல்லோருக்கும் முழுத் தாளும் கொடுக்கிறார்கள். ஒவ்வொருவரும் பென்சிலை எடுத்துத் தன் சுரங்களை வட்டமிட்டுக்கொள்கிறார். கையில் இரண்டு சுரம், கண்ணில் முழுப் பாட்டு. மற்றவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாமல் தன் இடத்தை எண்ணவே முடியாது. எங்கள் தொழிலில் ஒவ்வொரு குழுவுக்கும் அதன் பகுதியை மட்டும் காட்டிவிட்டு, கடைசியில் எல்லாம் ஏன் பொருந்தவில்லை என்று விடிய விடிய உட்கார்ந்திருப்போம்.

இன்றைய இசைத்தாளின் மேல் மூலையில் அரேஞ்சர் பெயர் இருக்கும், பதிப்பகத்தின் பெயர் இருக்கும், காப்புரிமை ஆண்டு இருக்கும். மெட்டுக்கு நேராக 'பாரம்பரியம்' என்று ஒற்றைச் சொல். அந்தச் சொல்லுக்குப் பின்னால் கார்மனும் ஹாரியட் வெரலும் நிற்கிறார்கள். பெயர் தெரியாத இன்னும் பலர் நிற்கிறார்கள். பங்கு போட்டதில் அவர்களுக்கு ஒன்றும் வரவில்லை. பெயர் தெரிந்த இடத்திலாவது அச்சில் போடலாம், அதற்கு ஒரு வரிக்கு மேல் ஆகாது. அரேஞ்சர்களில் சிலர் முன்குறிப்பில் அதைச் செய்கிறார்கள். எல்லோரும் செய்தால் நன்றாக இருக்கும்.

மணிகளின் நிலைமையும் மாறிக்கொண்டிருக்கிறது. லிபர்ட்டி பெல்லையும் பிக் பென்னையும் வார்த்த லண்டன் ஒயிட்சேப்பல் வார்ப்பாலை 2017-இல் மூடப்பட்டது. கைமணிகளும் வார்த்த இடம் அது.

இனிமேல் கைமணி வீடியோ ஒன்றைப் பார்த்தால், மெட்டைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு ஒரே ஒரு ஆளை மட்டும் பாருங்கள். ஓரத்தில் நிற்கும் பெரிய மணிக்காரரைத் தேர்ந்தெடுங்கள். அவர் உதடுகள் அசைவது தெரியும், எண்ணிக்கொண்டே இருப்பார். எப்போது அடிப்பார் என்று நீங்களும் சேர்ந்து எண்ணிப் பாருங்கள். சேஞ்ச் ரிங்கிங்கின் வரிசைக் கணக்கை அடுத்த பதிவில் சின்ன நிரலோடு எழுதுகிறேன்.